ஐம்பத்தேழு சுத்தமான படங்கள்

ஊரில் பாதிப் பேரின் முகத்திலிருந்து பருவையும் மருவையும் எடுத்தவர் அவர். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, வலி இல்லை. கடைத்தெருவில், மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு ஸ்டூடியோவின் உள்ளறையில், ஜன்னல் இல்லாத மூலையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. மௌஸை இரண்டு தட்டு தட்டினால் தழும்பு போச்சு. நாலு தட்டில் இரட்டை நாடி போச்சு. இந்த வேலைக்கு 'டச்சிங்' என்று பெயர். நாளாவட்டத்தில் அதுவே அவருக்கும் பெயராகிவிட்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை வங்கிக்காரர்கள் மட்டும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

டச்சிங் கெட்டவர் இல்லை. தான் ஏதோ தர்மகாரியம் செய்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். வாசலில் தயங்கித் தயங்கி நிற்கும் பெண், படம் கைக்கு வந்ததும் முகம் மலர்ந்து போவதைப் பார்த்தால் யாருக்குத்தான் அப்படித் தோன்றாது? ஆனால் அந்த வேலையில் ஒரு வினை உண்டு. நாள் பூராவும் முகங்களையே பார்த்துப் பார்த்து, அவருக்கு முகம் என்பதே தெரியாமல் போய்விட்டது. பஸ்ஸில் எதிரே ஒருவர் உட்கார்ந்தால், இடது புருவத்துக்கு மேலே ஒரு நிமிஷ வேலை, மூக்கு நுனியில் அரை நிமிஷம் என்று மனசு தானாக ஓடும். அந்த ஆள் இறங்கிப் போன பிறகு அவர் கிழவரா, இளைஞரா என்று கேட்டால் விழிப்பார்.

ஸ்டூடியோவுக்கென்று ஒரு விதி இருந்தது. முதலாளி, முன்பக்கம் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் எப்போதும் எதையாவது மென்றுகொண்டே இருக்கும் பெரிய உடம்புக்காரர், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்.

"தம்பி, வேலை முடிஞ்சதும் ஒரிஜினலை அழிச்சிடு. வச்சிருந்தா பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பாங்க. பாத்தா, 'அப்ப நான் இவ்வளவு அசிங்கமாவா இருக்கேன்'னு சண்டைக்கு வருவாங்க."

சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து டச்சிங், வேலை முடித்த படத்தை அசல் படத்தின் மேலேயே சேமித்துவிடுவார். பழையது போன இடம் தெரியாது. குப்பைக்கூடையில்கூடத் தேட முடியாது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் புகார் வந்தது. ஒரு வியாபாரியின் பாஸ்போர்ட் படத்தைப் பார்த்த அதிகாரி, "இவருடைய தம்பியையும் அழைத்து வரவும்" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

அவர் மனைவிக்குத் தபால் நிலையத்தில் வேலை. பார்சல் வாங்க வருகிறவர்களின் அடையாள அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்று நம்பிக் கையெழுத்துப் போடுகிற வேலை. ஆக, புருஷன் பகலெல்லாம் கெடுப்பதைப் பெண்டாட்டி பகலெல்லாம் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கும் உங்க ஸ்டூடியோ சரக்கு ஒண்ணு வந்துச்சு" என்பாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "படத்துல இருக்கறவர் வந்தாதான் பார்சல் குடுப்பேன்னு சொல்லிட்டேன்." இருவரும் சிரிப்பார்கள். குழந்தை இல்லாத வீட்டில் சிரிப்பதற்கு இந்த மாதிரி ஏதாவது வேண்டியிருந்தது.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்தாள் பாப்பா. பெரிய கண், தலை நிறைய முடி, குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும். எல்லாம் சரி. வலது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, கத்திரிக்காய் நிறத்தில் ஒரு கட்டி. எவ்வளவு பெரிது என்று இப்போது கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அப்புறம் வருவோம்.

"சில குழந்தைங்களுக்கு இப்படி இருக்கும். தோல் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க" என்று நர்ஸ் சொன்னார். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதத்திலும் 'வலது கன்னத்தில் சிவந்த கட்டி' என்று நாலு சொல்லும் ஒரு முற்றுப்புள்ளியும் இருந்தன. அளவு எழுதவில்லை.

டச்சிங் குழந்தையைப் பார்த்தார். பார்த்தார் என்றால், மனசு முதலில் சொன்னது இதுதான்: நாலு நிமிஷம் ஆகும். சொல்லிவிட்டு அவருக்கே உடம்பு கூசியது. ஆனால் கை கேட்கவில்லை. அன்று சாயங்காலம் போனில் எடுத்த படத்தை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய், கன்னத்தைத் துடைத்து, எட்டு மணி நேர ரயில் பயணத் தூரத்தில் இருந்த தன் அக்காவுக்கு அனுப்பினார். அஞ்சாவது நிமிஷம் பதில் வந்தது. "தங்கம்டா! சிலை மாதிரி இருக்கா. யார் கண்ணும் படக்கூடாது."

அந்தப் பதில் அவருக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதை அவரைத் தவிர வேறு யாரும் புரிந்துகொள்ள முடியாது. ஒரு நாள் முழுவதும் நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கி ஓரமாக வைத்தது போல இருந்தது. அக்கா படத்தை உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். எல்லோரும் தங்கம் என்றார்கள். மறுநாள் இன்னொரு படம் கேட்டார்கள்.

அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. குளித்து முடித்த பாப்பா, கொட்டாவி விடும் பாப்பா, கட்டைவிரலைச் சப்பும் பாப்பா. மனைவி எடுத்த படங்களையும் விடவில்லை. "போனைக் குடு, கொஞ்சம் வெளிச்சம் சரி பண்ணித் தரேன்" என்று வாங்கிப் போவார். திரும்பி வரும்போது வெளிச்சமும் சரியாகியிருக்கும், கன்னமும் சரியாகியிருக்கும். பழைய படங்கள் இருந்த இடத்தில் அவை இருக்காது. அவளுக்கு அதையெல்லாம் திறந்து பார்க்க நேரம் இல்லை. குழந்தையையே நாள் முழுக்க மடியில் வைத்திருப்பவளுக்குப் படம் எதற்கு? பத்து வாரத்தில் ஐம்பத்தேழு படங்கள் சேர்ந்தன. ஐம்பத்தேழும் பளிங்கு.

தோல் டாக்டரிடம் காட்டுவது மட்டும் தள்ளிக்கொண்டே போனது. இந்த வாரம் தடுப்பூசி, அடுத்த வாரம் சளி, அதற்கடுத்த வாரம் மழை. காரணம் தேடினால் கிடைக்காமல் போகுமா? பத்தாவது வாரம் பாப்பா தன் நகத்தாலேயே கன்னத்தைக் கீறிக்கொண்டாள். சின்னக் கீறல்தான். ஆனால் ரத்தம் நிற்காமல் வந்தது. மனைவி துணியை வைத்து அழுத்திக்கொண்டே, "இன்னிக்குப் போறோம்" என்றாள். ஸ்டூடியோவுக்கு லீவு சொல்லக்கூட விடவில்லை.

குழந்தைகளுக்கான தோல் டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கட்டியைத் தொட்டார், அழுத்தினார், விட்டார், நிறம் திரும்புவதைப் பார்த்தார். சின்ன அளவுகோலை வைத்து அளந்து எழுதிக்கொண்டார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார், ரத்தம் எடுக்கச் சொன்னார். எல்லாம் முடிந்து மதியம் மறுபடி உள்ளே கூப்பிட்டார்.

"முதல்ல பயப்படாதீங்க. இது புற்று இல்ல. ரத்தக்குழாய்ங்க ஒண்ணுகூடி வளர்ந்த கட்டி. ஆனா இதுல வகை இருக்கு. சாதாரண வகைன்னா, பொறக்கும்போது ஒண்ணும் பெருசா இருக்காது, அப்புறம்தான் வளரும். அதுக்குச் சொட்டு மருந்து இருக்கு. இன்னும் ரெண்டு வகை அபூர்வம். ஒண்ணு, வயித்துலயே முழுசா வளர்ந்து, பொறந்த அன்னிக்கே பெருசா இருக்கும். அப்புறம் தானா சுருங்கிடும். அதைத் தொடவே கூடாது. மூணாவது அப்படியே உக்காந்திருக்கும், சில சமயம் பெருசாகும், ரத்தத்தை உறைய வைக்கிற அணுவையெல்லாம் இழுத்துத் தின்னுடும். அது ஆபத்து. ஸ்கேன்ல எனக்குப் பிரிச்சுச் சொல்ல முடியல. ரத்தத்துல அந்த அணு கொஞ்சம் கம்மியா இருக்கு, ரொம்ப இல்ல. அதனால எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். பொறந்த அன்னிக்கு இது எவ்வளவு பெருசா இருந்துச்சு? அதைவிட இப்ப பெருசா, சின்னதா?"

"பெரிசாதான் இருந்துச்சு" என்றாள் மனைவி. "இப்ப கொஞ்சம் சின்னதாயிருக்கோன்னு எனக்குத் தோணும். ஆனா கன்னமே பெரிசாயிடுச்சே, அதனால அப்படித் தெரியுதோ என்னவோ. சத்தியம் பண்ணச் சொன்னா முடியாது டாக்டர்."

"சத்தியமெல்லாம் வேண்டாம். போட்டோ இருக்குமில்ல? இந்தக் காலத்துல குழந்தை பொறந்தா மணிக்கு ஒரு போட்டோ எடுக்கறாங்களே."

டச்சிங்குக்கு முகம் மலர்ந்தது. அவர் துறை. "இருக்கு டாக்டர். ஐம்பத்தேழு" என்று போனை நீட்டினார்.

டாக்டர் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, அஞ்சு, பத்து. கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் பாப்பாவைப் பார்த்தார்.

"இது யாரு?"

"எங்க பாப்பாதான் டாக்டர்."

"கட்டி எங்கே?"

அப்போதுதான் டச்சிங்குக்கு உறைத்தது. "எடுத்துட்டேன்" என்றார், தொண்டைக்குள்ளேயே.

"எடுத்துட்டீங்களா? எந்த ஆஸ்பத்திரியில? எடுத்தப்புறம் திரும்ப வந்துச்சா? இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"ஆஸ்பத்திரியில இல்ல டாக்டர். நான்தான். கம்ப்யூட்டர்ல."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "சரி. ஒரிஜினல் எங்கே?"

"அழிச்சிடுவேன் டாக்டர். அது எங்க ஸ்டூடியோ வழக்கம்."

"என் போன்ல இருக்கும்" என்று மனைவி பையைத் துழாவி எடுத்தாள். திறந்தாள். ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க அவள் விரல் மெதுவாகியது. கடைசியில் நின்றது. அவள் புருஷனைத் திட்டவில்லை. போனை மூடிப் பைக்குள் வைத்தாள். திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

டாக்டர்தான் பேசினார். "நாலு வாரம் பாக்கலாம். வாரம் ஒரு நாள் ரத்தம் பாக்கணும், வாரம் ஒரு போட்டோ எடுக்கணும். அதே இடம், அதே வெளிச்சம், அதே தூரம். கட்டிக்குப் பக்கத்துல ஒரு ஸ்கேலை வச்சு எடுங்க. ஓரம் எப்படி மாறுது, நிறம் எப்படி மாறுதுன்னு வாரா வாரம் எனக்குத் தெரியணும். சுருங்கினா விட்டுடுவோம். சுருங்கலேன்னா மயக்க மருந்து குடுத்து, ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பாத்துத்தான் ஆகணும். ரத்தக்குழாய்க் கட்டி, வெட்டினா ரத்தம் போகும். மூணு மாசக் குழந்தை. எனக்கும் அது இஷ்டமில்ல." டச்சிங்கின் பக்கம் திரும்பினார். "இதையாவது தொடாம எடுத்துட்டு வாங்க."

வீடு திரும்பப் பஸ் ஏறினார்கள். பாப்பா எதிர் சீட்டுக்காரரின் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டு வந்தாள். அந்த ஆள் அவளைப் பார்த்துச் சிரித்தார், கன்னத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டச்சிங்குக்கு அந்த ஆளின் மீது கோபம் வந்தது. பத்து வாரமாகத் தானும் அதையேதான் செய்துகொண்டிருந்தோம் என்று தோன்றியபோது, அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

முதல் வாரப் படம் எடுத்தாயிற்று. வீட்டில் சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில், காலை பத்து மணி வெளிச்சத்தில், பாயில் ஒரு வெள்ளைத் துணி விரித்து. ஸ்கேலை மனைவி பிடித்துக்கொண்டாள். டச்சிங் ஆயிரக்கணக்கான முகங்களைப் படத்தில் பார்த்தவர். ஆனால் இந்த ஒரு படம் சரியாக விழ அஞ்சு தடவை எடுக்க வேண்டியிருந்தது. ஸ்டூடியோவுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏற்றினார். சும்மா சரிபார்க்கத்தான். முதலாளி வெளியிலிருந்து ஏதோ கேட்க, பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால், திரையில் ஸ்கேல் இருக்கிறது, கட்டியின் மேல் ஓரத்தைக் காணோம். கை தன்பாட்டுக்கு வேலையை ஆரம்பித்திருந்தது! நல்லவேளை, சேமிக்கவில்லை. பதறிப்போய்த் திரும்பக் கொண்டுவந்தார். அன்றைக்கு மதியம்வரை மௌஸைத் தொடவே பயந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி எட்டிப் பார்த்து, "என்ன, சாமியாராயிட்டியா?" என்றார்.

இரண்டாவது வாரப் படத்தை முதல் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். ஸ்கேல் கோடுகளை எண்ணினார். ஒரு கோடு குறைந்திருக்கிறதா, அல்லது பாப்பா தலையைத் திருப்பியதால் அப்படித் தெரிகிறதா? மாறவில்லை என்றுதான் பட்டது.

அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் ஆறு மணி நேரம் பால் கொடுக்கக்கூடாதாம். பசி தாங்காதவள். அழுவாள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து அவளை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். கதவு மூடும். 'என்ன நடந்தாலும் எங்களுக்குச் சம்மதம்' என்று கையெழுத்துப் போடச் சொல்வார்கள். எட்டு வருஷம் காத்திருந்து கிடைத்த குழந்தை. அந்தக் காகிதத்தில் எந்தக் கையால் கையெழுத்துப் போடுவது? இப்படியே நினைத்து நினைத்து, ஒரு நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தபோது அவருக்கு அந்த யோசனை வந்தது.

யோசனை சின்னதுதான். பிறந்த அன்று எடுத்த படம் இருக்கிறது. அதில் கன்னம் சுத்தமாக இருக்கிறது. எடுக்கத் தெரிந்தவருக்கு வைக்கத் தெரியாதா? இப்போது இருக்கும் கட்டியையே அதில் நன்றாகப் பெரிதாக வரைந்துவிட்டால், அன்றைக்குப் பெரிது, இன்றைக்குச் சின்னது. பழைய போன் ஒன்றிலிருந்து கிடைத்தது என்று சொல்லிவிடலாம். டாக்டர் பார்ப்பார், சுருங்குகிறது என்பார், கத்தி வேண்டாம் என்பார்.

படத்தைத் திறந்தார். நிறம் எடுத்தார். மௌஸைக் கன்னத்தின் மேல் கொண்டுபோய் வைத்தார். வைத்தபடியே இருந்தார். எவ்வளவு பெரிதாக வரைவது? கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி? வட்டமா, நீளமா? மூக்குப் பக்கம் இழுத்திருந்ததா, காதுப் பக்கமா? ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஐம்பத்தேழு தடவை அதன் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தவர் அவர். அதைத் தன் கையாலேயே அங்குலம் அங்குலமாக அழித்தவர். அது எப்படி இருந்தது என்று மட்டும் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனார். பத்து நிமிஷ நடை. மனைவி பாப்பாவை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பொறந்த அன்னிக்கு அது எவ்வளவு பெரிசா இருந்துச்சு?" என்றார், தண்ணீர் குடிக்கிற சாக்கில்.

"எது?"

"அதான். கன்னத்துல."

"இப்ப எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

சும்மா கேட்கிறவர் முகமும் வேறு ஏதோ உள்ளே வைத்துக்கொண்டு கேட்கிறவர் முகமும் அவளுக்குத் தெரியாதா? கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பத்து வருஷமாக அவள் பார்ப்பது அதைத்தானே. இரண்டே நிமிஷத்தில் எல்லாவற்றையும் கறந்துவிட்டாள்.

கேட்டு முடித்ததும் பாப்பாவின் தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொண்டாள். "சரி, வரைங்க. நல்லா வரைவீங்க, டாக்டர் நம்பிடுவாங்க. கத்தி வேண்டாம்னு அனுப்பிடுவாங்க. இது அந்த மூணாவது வகையா இருந்தா? ரத்தத்தைத் தின்னுமே, அதுவா இருந்தா? அப்புறம் எந்த மௌஸை வச்சு எடுப்பீங்க?"

அவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அழிச்சதுக்குக்கூட நான் ஒண்ணும் கேக்கல. பாக்க முடியல, அதனால அழிச்சீங்க. எனக்கும்தான் முதல் நாள் பாக்க முடியல. ஆனா நான் பாத்தேன். குளிப்பாட்டணும், பால் குடுக்கணும், பாக்காம எப்படி? அன்னிக்கு என் கட்டைவிரலை அது மேல வச்சா, ரெண்டு பக்கமும் கட்டி வெளியே தெரியும். இதை நீங்க என்னைக் கேக்கணுமா? உங்க பொண்ணு முகம் உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியல" என்றார் டச்சிங். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய நிஜம் என்று அவருக்கே புரிந்தது. அவர் அழுதார். சத்தமில்லாமல் அழ முயற்சி பண்ணி, முடியாமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

மனைவி எழுந்து, தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவை அவர் மடியில் வைத்தாள். "கை சும்மா இருக்கட்டும். கண்ணால மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டு, துவைத்த துணிகளை மடிக்கப் போய்விட்டாள்.

பார்த்தார். நடுவில் கத்திரிக்காய் நிறம். ஓரத்தில் சுற்றிலும் நகக்கண் அகலத்துக்கு வெளுப்பாக ஒரு வளையம். மேலே மெல்லிய சிவப்பு நூல்கள் போல ரத்தக்குழாய்கள். கீழ்ப்பக்கம் கொஞ்சம் தட்டை. விரலை லேசாக வைத்தால் கன்னத்தின் மற்ற இடத்தைவிட அங்கே சூடு. பாப்பா தூக்கத்தில் உதட்டைக் குவிக்கும்போது அதுவும் சேர்ந்து அசைந்தது. அது அவள் முகத்தில் ஒட்டிக்கொண்ட ஏதோ ஒன்று இல்லை, அவளுடைய முகம்தான். அந்த மதியம் அவர் ஸ்டூடியோவுக்குத் திரும்பிப் போகவில்லை. முதலாளி நாலு தடவை போன் செய்தார், எடுக்கவில்லை.

மூன்றாவது வாரப் படத்தை எடுக்கும்போது டச்சிங்குக்கு ஒன்று தோன்றியது. தோல் நிறத்தில் ஒரு துளி மாறினாலும் பிடித்துவிடுகிற கண் அவருடையது. பிழைப்பே அதுதான். நடுவில் இருந்த அந்தக் கருஞ்சிவப்பு, சாம்பல் பக்கம் சாய்ந்திருப்பது போலப் பட்டது. மனைவியிடம் சொல்லவில்லை. ஆசையில் பார்க்கிற கண்ணை நம்பக்கூடாது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி யார்?

நாலாவது வாரம் டாக்டரின் மேஜையில் நாலு படங்களையும் வரிசையாகப் பரப்பி வைத்தார். டாக்டர் குனிந்து நிதானமாகப் பார்த்தார். முதல் படத்தில் ஸ்கேலின் பக்கத்தில் முப்பத்தாறு மில்லிமீட்டர். நாலாவதில் முப்பது. வெளுப்பு வளையம் உள்பக்கம் நகர்ந்திருந்தது. நடுவில் சாம்பல்.

"இதுல கை வச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டார். அவரிடம் கேட்கவில்லை, மனைவியிடம் கேட்டார்.

"இல்ல டாக்டர். ஸ்கேலைப் பிடிச்சவ நான்தான்."

டாக்டர் அப்படியும் நம்பாமல், மேஜை இழுப்பறையிலிருந்து தன் அளவுகோலை எடுத்தார். பாப்பாவின் கன்னத்தில் வைத்தார். டச்சிங் அளவுகோலின் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் படம் சரியாக இருக்கவேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டார்.

"முப்பது" என்றார் டாக்டர். ரத்தப் பரிசோதனைக் காகிதங்களைப் புரட்டினார். "அணுவும் ஏறியிருக்கு. இது ரெண்டாவது வகை. முழுசா வளர்ந்து பொறந்தது, தானா போயிடும். ஒரு வயசுக்கு அப்புறம் இருந்த இடத்துல கொஞ்சம் தோல் மட்டும் சுருக்கமா நிக்கலாம், அவ்வளவுதான். கத்தியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். மாசம் ஒரு தடவை கொண்டுவந்து காட்டுங்க." பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அது தானா போறதுக்குள்ள உங்களுக்குத்தான் அவசரம்" என்றார்.

மனைவி அங்கேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதாள். டச்சிங் நாலு படங்களையும் எடுத்து உறையில் போட்டுக்கொண்டார். வெளியே வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பாப்பாவின் வலது கன்னத்தில் முத்தம் கொடுத்தார். அதுவரை இடது கன்னத்தில்தான் கொடுத்திருக்கிறார் என்பது மனைவிக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் ஒரு பெரிய பையின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள். "இதுக்கு மேல பொறுக்க முடியலடா. படத்துலயே எத்தனை நாள் பாக்கறது?" என்று எழுந்து ஓடிவந்து பாப்பாவை வாங்கினாள். கொஞ்சுவதற்காக முகத்தைத் திருப்பினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"இது என்ன கன்னத்துல?"

"பயப்படாதீங்க அண்ணி. பொறக்கும்போதே இருந்ததுதான். சுருங்கிட்டு வருது. இப்பதான் டாக்டர் சொன்னாங்க" என்றாள் மனைவி. அழுத கண் இன்னும் காயவில்லை.

"யார் காதுல பூ சுத்தறே?" அக்காவின் குரல் ஏறியது. "பொறந்த அன்னிலேருந்து படம் என்கிட்ட இருக்கு. சிலையாட்டம் இருந்த குழந்தை! எங்க கீழ போட்டே? எவன்கிட்ட கொண்டுபோய் என்ன ஊசி போட்டே? ஒரு குழந்தையைப் பாத்துக்க முடியாம..."

மனைவி டச்சிங்கைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

"அக்கா, அவளை ஒண்ணும் சொல்லாதே. அது பொறக்கும்போதே இருந்தது. படத்துலதான் இல்ல. நான்தான் எடுத்துட்டேன்."

அக்கா அவரைப் பார்த்தாள். கோபம் தணிந்து, முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது. "பொண்டாட்டியை விட்டுக்குடுக்க மாட்டேங்கற. நல்ல குணம்தான். ஆனா அதுக்காகப் பொய் சொல்லாதே."

"பொய் இல்லக்கா. இதோ பாரு." உறையிலிருந்து நாலு படங்களையும் எடுத்து நீட்டினார். ஸ்கேலோடு. "வாரா வாரம் எடுத்தது. டாக்டரே பாத்தாங்க."

அக்கா வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் நீ கம்ப்யூட்டர்ல உக்காந்து வரைஞ்சது. உன் வேலை எனக்குத் தெரியாதா?"

"அப்ப உன்கிட்ட இருக்கற அந்தப் படமெல்லாம்?"

"அது போட்டோடா" என்றாள் அக்கா. "போட்டோ எங்கேயாவது பொய் சொல்லுமா?"

டச்சிங் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். படங்களை உறைக்குள் போட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவருடைய வேலைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை. மனைவி பாப்பாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதவிக்கு வரவில்லை.